பொறி கலங்கியவர்கள்

2020 டிசம்பர் 4 என்றால் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நடராஜன்தான் நினைவுக்கு வருவார். சின்னப்பம்பட்டியிலிருந்து கிளம்பிப் போனவர் கான்பெராவில் தன் முதல் சர்வதேச டி20 ஆட்டத்தில் இறங்கி மூன்று விக்கெட் எடுத்த நாள் அது. அதே ஆட்டத்தில் இன்னொரு கதையும் நடந்தது. இந்திய இன்னிங்ஸின் கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் மோதியது. ஜடேஜா விழவில்லை, ரத்தமும் இல்லை. மிச்சப் பந்துகளையும் ஆடி முடித்து ஆட்டமிழக்காமல் 44 ரன்னோடு நடந்து போனார். இடைவேளைக்குப் பிறகு அவர் திரும்பவில்லை. ‘கன்கஷன் மாற்று வீரர்’ என்று யுஸ்வேந்திர சாஹல் வந்தார், மூன்று விக்கெட் எடுத்தார், ஆட்ட நாயகன் விருதையும் வாங்கிக்கொண்டார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கர் முகம் சிவக்க ஆட்ட நடுவர் டேவிட் பூனிடம் வாதாடியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள்.

அன்று டீக்கடைகளிலும் அதே வாதம்தான். அடிபட்டவர் நடந்துதானே போனார்?

அந்தக் கேள்வி பழையது. மருத்துவர்கள் அதற்குப் பதிலை எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். அது மருத்துவ இதழ்களை விட்டு மைதானத்துக்கும் வகுப்பறைக்கும் வீட்டுக்கூடத்துக்கும் வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் சுமந்துகொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர், பிள்ளையைப் பறிகொடுத்த அல்லது பாதி மட்டுமே மீட்டெடுத்த பெற்றோர்.

தலையில் அடிபட்டு ஒரு கணம் எல்லாம் தடுமாறுவதைத் தமிழில் ‘பொறி கலங்கிப்போச்சு’ என்போம். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் தலைக்குள் மணி அடித்துவிட்டது என்பார்கள். பாரசீக மருத்துவர் அல் ராஸி, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மண்டை உடையாமலும் மூளையில் காயம் தெரியாமலும் வந்து போகும் இந்தக் கலக்கத்தைப் பெரிய காயங்களிலிருந்து பிரித்துப் பார்த்தவர். இன்று கன்கஷன் என்று சொல்லும் மூளை அதிர்வுக்கும் அடிப்படை அதுதான். மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளை ஒரு குலுக்கலில் அசைந்து போகிறது. அதன் அமைப்பை விட இயக்கம்தான் குலைகிறது. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும், கன்கஷனைக் காட்டாது. படத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆளுக்கு டியூப்லைட் வெளிச்சமும் குக்கர் விசிலும் தாங்காது, படித்த வரியே மறுபடி புதிதாகத் தெரியும், காரணமில்லாமல் எரிச்சல் பொங்கும்.

அமெரிக்காவில் 1905-ஆம் வருடக் கால்பந்துப் பருவம் சாவுச் செய்திகளால் நிரம்பியது. அன்றைய ஆட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் கும்பலாக விழுந்து நசுக்குவது விதிக்கு உட்பட்ட உத்தி. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். அவர் மகனும் அந்த வருடம் ஹார்வர்டின் முதலாமாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மறுவருடம் விதிகள் மாறின, பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. அதற்குள் ஹார்வர்டு அணியின் மருத்துவர்கள் எட்வர்ட் நிக்கல்ஸ், ஹோமர் ஸ்மித் இருவரும் அந்தப் பருவத்தின் காயங்களை ஒன்றுவிடாமல் குறித்து, 1906 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவ இதழில் வெளியிட்டிருந்தார்கள்.

இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும் கட்டுரை அது. மூளை அதிர்வு நேராத ஆட்டங்கள் அந்தப் பருவம் முழுவதிலும் இரண்டே இரண்டு. அடிபட்ட ஒவ்வொருவருக்கும் அடிக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் நினைவு அழிந்திருந்தது. சிலர் வெறிபிடித்தவர்போல் கத்தினார்கள், சிலர் குழம்பி நின்றார்கள், முழுதாக மயங்கி விழுந்தவர்கள் மிகச் சிலர்தான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாமல் ஒருவன் நிதானமிழந்து ஆடிக்கொண்டிருக்க முடியும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். ஆட்டக்காரர்கள் இதை ஒரு காயமாகவே மதிக்காமல் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டதையும் பதிவு செய்தார்கள்.

1933-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வெளியிட்ட மருத்துவக் கையேடு இன்னும் கறாராகப் பேசியது. தலைவலியும் தலைசுற்றலும் 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் 21 நாட்களுக்காவது ஆடக்கூடாது. கையேடு அலமாரிக்குப் போனது. மைதானத்தில் நனைத்த ஸ்பாஞ்சும், மூக்கருகே நீட்டும் அம்மோனியா உப்பும், முகத்துக்கு நேரே காட்டும் விரல்களும் தொடர்ந்தன. எத்தனை விரல் என்று சரியாகச் சொன்னவன் ஆட்டத்துக்குத் திரும்பினான்.

குத்துச்சண்டையிலோ ரசிகர்கள் மருத்துவர்களை முந்திக்கொண்டார்கள். தள்ளாடி நடக்கும், நாக்கு குழறும் பழைய வீரர்களைக் கூட்டம் ‘குத்துபோதை’ என்ற பொருள்படும் பட்டப்பெயரால் கேலி செய்துகொண்டிருந்தது. நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் பிணப்பரிசோதனை அதிகாரியாக இருந்த ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-இல் அந்தக் கேலிச்சொல்லையே தன் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். கடிகாரங்களுக்கு ரேடியம் பூசி வாயும் தாடையும் அழுகிச் செத்த தொழிற்சாலைப் பெண்களுக்காக மருத்துவச் சான்று திரட்டியவரும் இவர்தான். யாரும் பெரிதாக நினைக்காத நோய்கள் இவர் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒரு குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் கொடுத்த 23 பழைய வீரர்களின் பட்டியலும் அந்தக் கட்டுரைக்கு ஆதாரம். மருத்துவ உலகத்துக்கு அது புதுச்செய்தி. கேலரியில் உட்கார்ந்தவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

இதுவரை சொன்னதெல்லாம் அடியைப் பற்றியது. அடிக்குப் பின் வரும் மாதங்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? முதல் உலகப் போரின்போது பிராங்பர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் தலைக்காயம் பட்ட சிப்பாய்களுக்கென ஒரு நிலையம் நடத்தினார். மருத்துவமனையோடு வகுப்பறையும் பட்டறையும் சேர்ந்த இடம். எழுத்து மறந்தவனுக்கு எழுத்து, கை மறந்தவனுக்குத் தச்சு வேலை. வேறு ஜெர்மன் ஊர்களிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் இருந்தன. போர் முடிந்தபின் தலைக்காயப்பட்ட சிப்பாய்கள் தாங்களே சங்கம் கூடினார்கள். ஆனால் அதெல்லாம் துப்பாக்கிக் குண்டு துளைத்தவர்களுக்கு. வடு தெரிந்தவர்களுக்கு அரசு கடன்பட்டிருந்தது. சாலையிலோ மைதானத்திலோ விழுந்து எழுந்தவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் மேரிலின் ஸ்பிவாக் வருகிறார். பாஸ்டனுக்கு மேற்கே ஃபிரேமிங்காம் ஊர்க்காரர். 1975-இல் கார் விபத்தில் பதினைந்து வயது மகளுக்குக் கடுமையான தலைக்காயம். உயிரைக் காப்பாற்ற மருத்துவமனை இருந்தது. அதற்கப்புறம் எங்கே கூட்டிப்போவது என்று சொல்ல யாரும் இல்லை. முதியோர் படுத்திருக்கும் பராமரிப்பு இல்லம் ஒன்றுதான் வழி என்கிற நிலை. கணவரோடு சேர்ந்து, இதே தவிப்பில் இருந்த குடும்பங்களைத் தேடிப்பிடித்து, 1980-இல் தேசியத் தலைக்காய அறக்கட்டளையைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கினார். ‘ஓசையற்ற கொள்ளைநோய்’ என்ற பெயரை ஊரறியச் செய்தது அந்த அமைப்பு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1979-இலேயே சில குடும்பங்கள் கூடி ‘ஹெட்வே’ என்ற சங்கத்தை அமைத்திருந்தன. இன்று அதன் கிளைகளும் உள்ளூர்க் குழுக்களும் நூற்றுக்கு மேல்.

இந்தக் கூட்டங்களில் என்னதான் நடந்தது? ஒரு அறை, வட்டமாக நாற்காலிகள், காபி. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது, வேறெங்கும் கிடைக்காத ஒரு பாடம். பழைய சுபாவம் போய்விட்ட கணவன் வேண்டுமென்று கத்தவில்லை; காலை பத்து மணிக்கே களைத்துப் படுக்கும் மகள் சோம்பேறி இல்லை; எதையும் உடனே குறித்துவைத்துக்கொள்ள சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு போதும்; கல்யாணக் கூட்டத்துக்குப் போனால் அரைமணியில் கிளம்ப வழி வைத்துக்கொள்ளவேண்டும். இதில் எதையும் எந்த மருந்துச்சீட்டிலும் எழுத முடியாது. முன்னால் அடிபட்டவர் பின்னால் அடிபட்டவருக்குச் சொல்லித்தான் பரவியது.

ஹெட்வே 2017-இல் கொண்டுவந்த அடையாள அட்டை ஒன்றைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மூளைக்காயம்பட்ட பலருக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும். போலீஸ்காரர் கண்ணுக்கு அது குடிபோதை. இவருக்கு மூளைக்காயம், பொறுமையாகப் பேசுங்கள் என்று சொல்லும் அந்த அட்டையை இளவரசர் ஹாரி வெளியிட்டார். கேலரிக் கூட்டம் வைத்த பட்டப்பெயருக்கும் இந்த அட்டைக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு.

சட்டமும் மெல்ல அசைந்தது. 1990-இல் அமெரிக்கச் சிறப்புக்கல்விச் சட்டம் மூளைக்காயத்தைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. 1996-இல் மூளைக்காயத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆனால் இவை பெரிய காயங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘சின்ன’ அடிபட்டு மறுநாளே பள்ளிக்கு வந்து, கரும்பலகையைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எந்தச் சட்டமும் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கான வழிமுறை கொலராடோவில் பிறந்தது. 2004 செப்டம்பரில் கிராண்ட்வியூ உயர்நிலைப்பள்ளியின் பதினான்கு வயது மாணவன் ஜேக் ஸ்னேக்கன்பர்க் கால்பந்து ஆட்டத்தில் சரிந்து விழுந்து இறந்தான். அதற்கு முந்தைய வார ஆட்டத்திலேயே அவனுக்கு அடி பட்டிருந்தது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் இளம் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடலாம். அரிதாக நடப்பது, நடந்தால் மீள்வது கடினம். பள்ளி உளவியலாளர் காரன் மெக்கவாய் அதற்குப் பிறகு ஒரு திட்டம் வகுத்தார். அதன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘அறுவடை’ என்று பொருள் வரும்.

திட்டத்தின் அழகு அதன் எளிமை. அடிபட்ட பிள்ளையைச் சுற்றி நான்கு கூட்டம்: வீடு, பாடம் நடத்தும் ஆசிரியர்கள், பள்ளியின் பயிற்சியாளரும் செவிலியரும், மருத்துவர். மருத்துவர் பத்து நிமிடம் பார்க்கிறார். கணக்கு டீச்சர் தினமும் பார்க்கிறார். ஆகவே டீச்சர் பார்த்ததும் ஏட்டில் ஏறவேண்டும். வீட்டுப்பாடத்தைக் குறை, தேர்வைத் தள்ளிவை, சத்தமில்லாத அறையில் சாப்பிடவிடு, இடையிடையே ஓய்வு கொடு. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடுகிறார்கள் என்பதால் இதற்கு நிதியும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். 2013-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் வகுப்புக்குத் திரும்புவது பற்றி அறிக்கை வெளியிட்டபோது எழுதியவர்களில் மெக்கவாயும் ஒருவர். மைதானத்துக்கு எப்போது திரும்பலாம் என்று உலக வல்லுநர்கள் 2001-இலேயே வியன்னாவில் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை முதலில் திரும்பவேண்டிய இடம் வகுப்பறை என்பது பின்னால்தான் உறைத்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் மேப்பிள் வேலி. 2006 அக்டோபர். பதிமூன்று வயது ஸாக்கரி லிஸ்டெட் கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதியில் தலையில் அடிபட்டு வெளியே வந்தான், இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான், ஆட்டம் முடிந்ததும் விழுந்தான். மூளை வீக்கத்துக்கு இடம்கொடுக்க மண்டையோட்டின் இரு பக்கமும் எலும்பை எடுத்தார்கள். அவன் முதல் சொல்லைப் பேச ஒன்பது மாதம் ஆனது. உணவுக்குழாய் இருபது மாதம் இருந்தது. பெற்றோரும், வழக்கறிஞர் ரிச்சர்ட் ஆட்லரும், மாநில மூளைக்காயச் சங்கமும் சேர்ந்து தள்ளிய சட்டம் 2009 மே மாதத்தில் கையெழுத்தானது. அதன் சாரம் மூன்றே வரி: ஆண்டுதோறும் பெற்றோரும் பிள்ளையும் தகவல்தாளைப் படித்துக் கையெழுத்திடவேண்டும், சந்தேகம் வந்தாலே வெளியேற்றவேண்டும், எழுத்துமூலமான மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்பக்கூடாது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. 1906-இல் ஹார்வர்டு மருத்துவர்கள் எழுதியதற்கும் இதற்கும் அறிவியலில் பெரிய தூரம் இல்லை.

இதற்கிடையே மருத்துவர்களும் ஒரு வழக்கத்தைக் கைவிடவேண்டி வந்தது. கன்கஷன் என்றால் இருட்டறை, புத்தகம் கூடாது, செல்போன் கூடாது, நண்பர்கள் கூடாது என்று வாரக்கணக்கில் அடைத்துவைப்பது ஒரு காலத்தில் நல்ல சிகிச்சையாகக் கருதப்பட்டது. விஸ்கான்சினில் நடந்த ஓர் ஆய்வு, 2015-இல், ஐந்து நாள் கறாராகப் படுத்துக் கிடந்த இளைஞர்கள் ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொல்லை சொன்னதாகக் கண்டது. பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெட்டியும் பேரி வில்லரும் நோயாளியை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். தலைவலி கூடாத அளவுக்கு இதயத்துடிப்பை ஏற்றும் மெல்லிய பயிற்சி. 2019-இல் வெளியான அவர்களின் சோதனையில் அப்படிப் பயிற்சி செய்த பிள்ளைகள் நடுமட்டமாக 13 நாளில் தேறினார்கள். வெறும் தசை நீட்டல் செய்தவர்கள் 17 நாளில். இப்போது ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடமாட்டம் என்பதே பொது அறிவுரை. நம் வீடுகளில் ‘அடிபட்ட பிள்ளையைத் தூங்கவிடாதே’ என்று இரவெல்லாம் உலுக்கும் பாட்டிகள் உண்டு. மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டால் தூக்கம் மருந்துதான்.

வெர்மான்ட்டைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் கெவின் பியர்ஸ் 2009-இன் கடைசி நாளில் பயிற்சியின்போது விழுந்து, ஒலிம்பிக் வாய்ப்பை இழந்து, பின்னால் சகோதரரோடு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது மூளைக்காயம்பட்டவர்களுக்கு இலவச யோகா வகுப்புகளை நடத்துகிறது. விளக்கைத் தணித்து, மெல்லப் பேசி, நடுவில் எழுந்து போக அனுமதியோடு நடக்கும் வகுப்பு. முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. ஃபிரேமிங்காமிலும் நாட்டிங்ஹாமிலும் போட்ட அதே வட்டம், நாற்காலிக்குப் பதில் பாய்.

இந்த வரலாற்றில் ஒரு கோணலும் இருக்கிறது. கேமரா இருக்கும் இடத்தில் விழுந்த அடிகளே சட்டமாயின. வீட்டுக்குள் கணவன் கையால் தலையில் அடிவாங்கும் பெண்ணுக்கு ஆட்ட நடுவர் கிடையாது, தகவல்தாள் கிடையாது. ஃபீனிக்ஸ் நகரின் பாரோ நரம்பியல் நிலையம் இப்படிப்பட்ட பெண்களுக்கென ஒரு பிரிவை நடத்துகிறது என்பது பாராட்டவேண்டியது. அது செய்தியாவதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. நம் நாட்டிலோ தலை அடிபடும் முதல் இடம் சாலை. போலோ ஆட்டத்தில் 2005-இல் மகன் சிவராஜ் சிங்குக்குத் தலைக்காயம் பட்டபின் ஜோத்பூர் அரச குடும்பத்தின் கஜ் சிங் 2007-இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். அரண்மனையிலும் கதை ஃபிரேமிங்காம் வீட்டுக் கதைதான்: உயிர் பிழைத்தாயிற்று, இனி என்ன? தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்கேன் நார்மல் என்று வீடு திரும்பிய பைக் ஓட்டிக்கு நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்து குடும்பம்தான்.

இந்தியத் தலைக்காயங்களைப் பேசும்போது நரி கான்ட்ராக்டரையும் விட்டுவிட முடியாது. 1962 மார்ச்சில் பார்படோசில் சார்லி கிரிஃபித்தின் பந்து இந்திய அணித் தலைவரான அவரது மண்டையை உடைத்தது. ஹெல்மெட் இல்லாத காலம். ரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். பின்னர் வேலூரில் கான்ட்ராக்டரின் தலையில் உலோகத் தகடு வைக்கப்பட்டது. இந்தியாவில் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த ஜேக்கப் சாண்டி பணியாற்றிய ஊர் அது. கான்ட்ராக்டர் அதன்பின் உள்நாட்டுப் போட்டிகளில் பல வருடம் மட்டை பிடித்தார். டெஸ்ட் அணி திரும்பிக் கூப்பிடவில்லை. அந்தத் தகட்டை 2022-இல், அவரது 88-ஆவது வயதில், மும்பையில் எடுத்தார்கள்.

லிஸ்டெட்டின் கதையைப் போல இன்னொன்று, கனடாவின் ஒட்டாவாவில், 2013 மே மாதம் நடந்தது. ரோவன் ஸ்டிரிங்கர், பதினேழு வயது, பள்ளி ரக்பி அணியின் தலைவி. ஒரு வாரத்துக்குள் இரண்டு ஆட்டங்களில் அடிபட்டாள். தலைவலி விடவில்லை. கன்கஷன் என்றால் என்ன என்று செல்போனில் தேடிப் பார்த்தாள், எனக்கு அதுவாக இருக்குமோ என்று தோழிகளுக்குச் செய்தி அனுப்பினாள். பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. மே 8 அன்று மூன்றாவது ஆட்டத்தில் இறங்கினாள், நான்கு நாளில் இறந்தாள். 2015-இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளைக் கொடுத்தது. தந்தை கார்டன் ஸ்டிரிங்கர் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தார். 2018 மார்ச்சில் ஒன்டாரியோ மாகாணம் ‘ரோவன் சட்டம்’ நிறைவேற்றியது.

அந்தச் சட்டப்படி 26 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஆண்டுதோறும் ஒரு கையேட்டைப் படிக்கவேண்டும். பத்து வயது வரை ஒன்று, பதினொன்றிலிருந்து பதினான்கு வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என மூன்று கையேடுகள். பதினெட்டுக்குக் கீழென்றால் பெற்றோரும் படிக்கவேண்டும். பிறகு ஒரு நடத்தை உறுதிமொழித் தாள். தலையில் அடிபட்டதாகத் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்துவேன், பயிற்சியாளரிடமோ பெற்றோரிடமோ பெரியவர் ஒருவரிடமோ சொல்வேன், கூட ஆடுபவருக்கு அப்படி ஆனாலும் சொல்வேன் என்கிற பொருளில் அதில் பிள்ளைகள் கையெழுத்திடுகிறார்கள். செப்டம்பர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அங்கே ரோவன் சட்ட நாள்.